எசமான் நோட்டும் அம்மா நோட்டும்: தோல் தொழில் பூமியில் கடனின் வரலாறு

வேலூர், ஆம்பூர் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போய்வரும் தோழர்களுக்கு இது பழகிய காட்சி. வங்கியிலிருந்தோ தொண்டு நிறுவனத்திலிருந்தோ ஒருவர் வருவார். பலகையில் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்று எழுதுவார். செலவைக் குறைத்தால் கடன் தீரும், மனம் மட்டும் தளரக் கூடாது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போய்விடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் அதைவிட நுணுக்கமான கணக்கைப் பிள்ளையின் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் மகளிடம் சொல்லி எழுத வைக்கிறார்கள்.

நாங்கள் இங்கே பேசுவது தனியாகப் பிள்ளை வளர்க்கும் தலித் தாய்மாரின் கடனைப் பற்றி. கணவன் இறந்துபோனவர், கணவன் விட்டுப்போனவர், குடியும் அடியும் தாங்காமல் தானே பிள்ளைகளோடு வெளியேறியவர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. கணக்குத் தெரியாததால் இவர்கள் கடன்படுகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த வட்டாரத்தின் வரலாறு தெரியாது. நம் மக்களைப் பொறுத்தவரை கடன் என்பது தலைமுறை தலைமுறையாகக் கூலி கொடுக்கும் முறைகளில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை எழுதும் நோட்டு நீண்ட காலம் எசமான் கையில் இருந்தது. அது அம்மாக்களின் கைக்கு வந்தது அண்மையில்தான்.

பழைய வடஆற்காட்டில் நிலமில்லாத பறையர் குடும்பங்களில் பலர் படியாட்கள். கூலி தானியம், அதுவும் படிக்கணக்கு. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். அது நிற்கும்வரை ஆள் அந்த நிலக்காரனை விட்டு நகர முடியாது. மனிதனை உடைமையாக உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று 1843-இன் 5-ஆம் சட்டம் சொன்னது. நல்லது. ஆனால் பதினாறே ஆண்டுகளில் 1859-இன் 13-ஆம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம் அல்லது பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கூலியைப் பிடித்து வைத்த முதலாளிக்கு அதில் சிறை இல்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென வந்து பிறகு வெளியூர்களுக்கும் நீட்டிக்கப்பட்ட இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது. அடிமை என்ற சொல் சட்டத்திலிருந்து போய், 'அட்வான்ஸ்' என்ற சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த கதை இது. இன்றும் நம் தெருக்களில் யாரும் 'கொத்தடிமையாக இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த நோட்டிலிருந்து தப்ப ஒரு வழி ரயிலேறுவது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பிறகு தோல் பதனிடும் தொழில். இரண்டிலும் காசாகக் கூலி கிடைத்தது. பதனிடும் தொழிலின் ஈர வேலை, நாற்ற வேலை, சுண்ணாம்புக் குழி வேலை யார் தலையில் விழுந்தது என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் இந்தத் தொழிலுக்குள் பெருமளவில் வந்தது இன்னும் பிற்காலத்தில். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் தரப்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் வந்தன. தையல் மெஷின் முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்களுக்கு, ஏஜெண்டு ஷூவின் மேல்பகுதியான அப்பரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஜோடிக்குச் சில ரூபாய். ஊசி, நேரம், விரல் வலி எல்லாம் தைப்பவர் கணக்கு. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் மூட்டை வராது, கூலியும் இல்லை.

பிள்ளையை அடகு வைத்த காலம்

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை இளைய தோழர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். சின்னச் சட்டம்தான். அதன் 6-ஆம் பிரிவு, கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே அற்றுப்போகிறது என்கிறது. தள்ளுபடி அல்ல, தவணை நீட்டிப்பும் அல்ல, கடனே இல்லை. 15-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். இது கொத்தடிமைக் கடன் என்று உழைப்பவர் சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல் விழுகிறது. எசமான் நோட்டைச் சந்தேகத்தோடு பார்த்த சட்டம் இது.

சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் என்ன நடந்தது? 1989-இல் வடஆற்காடு பிரிக்கப்பட்டபோது நம் பகுதிக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அம்பேத்கர் பெயர் தாங்கிய அந்த மாவட்டத்தில் பீடி வேலைக்குப் பிள்ளைகள் அடகு வைக்கப்பட்டிருந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996-இல் இந்தியாவின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் மாவட்டத்துப் பீடிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடும்பம் ஏஜெண்டிடம் ஒரு தொகை வாங்கும். பிள்ளை அவர் வீட்டில் பீடி சுற்றும். பிள்ளையின் கூலி குறைவு, ஆனால் அது கடனில் கழியாது. கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கவும் முடியாது. மொத்தமாகக் கொண்டுவா, பிள்ளையைக் கூட்டிப்போ என்பதே பேச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாரம் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கத் தெரிந்த ஒரு தாய் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சிக்கனத்துக்கு இங்கே என்ன மதிப்பு? தவணையை வாங்க மறுக்கும் கடன், அடைக்கப்படக் கூடாது என்றே அமைக்கப்பட்ட கடன். அவள் மூத்த மகனைக் கொடுத்துத்தான் இளையவர்களுக்குச் சோறு போட்டாள். தாய்ப்பாசம் இல்லாதவள் என்று அவளைப் பற்றிப் பேசியவர்களை நாங்கள் கேட்டிருக்கிறோம். பணம் கொடுத்தவனைப் பற்றி அப்படி யாரும் பேசவில்லை.

1990-களின் நடுவில் ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார் காலத்தில் மாவட்ட நிர்வாகம் இதில் இறங்கியது. பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள், அவர்களுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன, தாய்மாரைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்தார்கள். (அந்தப் பள்ளிகளின் அனுபவம்தான் பிற்பாடு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாக வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. கொத்தடிமைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தேடிய வழி மாநிலத்துக்கே பாடமுறை ஆனது.) இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது வரிசையை. கடன் செல்லாது என்று சொல்லப்பட்ட பிறகு சேமிப்பு வந்தால் அது நிற்கும். கடனை அப்படியே விட்டுவிட்டுச் சேமிக்கச் சொன்னால், சேமிப்பும் ஏஜெண்டு பைக்கே போகும்.

ஐந்து ஆண்டு காத்திருப்பு

தனியாக நிற்கும் பெண்ணுக்கு அரசு என்ன செய்தது? தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியம் 1975-இல் வந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான ஓய்வூதியம் 1986-இல். பதினோரு ஆண்டு இடைவெளி. கைவிடப்பட்டவர் ஓய்வூதியத்துக்கு வயது 30 நிறைந்திருக்க வேண்டும், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் அல்லது நீதிமன்றத்திலிருந்து பிரிவுக்கான சான்று வேண்டும். 22 வயதில் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுத் திண்ணைக்கு வந்து நிற்கும் பெண் எட்டு ஆண்டுகள் எதைச் சாப்பிடுவாள் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை. தண்டல்காரரிடம் இருந்தது.

ஜீவனாம்சக் கதையும் இதே மாதிரிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் உத்தரவிடக்கூடிய தொகைக்கு மாதம் 500 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. விலைவாசி எங்கோ போயிற்று, 500 நகரவில்லை. 2001-இல் திருத்தம் செய்துதான் அந்த வரம்பை எடுத்தார்கள். 1990-களில் கணவனால் விடப்பட்ட நம் அக்காமார் பலர் கோர்ட்டுப் படி ஏறாததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. பஸ் காசும் வக்கீல் காசும் போட்டுப் பார்த்தால் 500-க்கு அது கட்டுப்படியாகாது. கணக்குத் தெரிந்ததால்தான் போகவில்லை.

விதவையர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு அம்மா நோட்டைத் திறந்து பார்ப்போம்.

நோட்டுக்குள்

நாங்கள் பார்த்த நோட்டுகளில் மாதம் என்ற அலகு கிடையாது. வாரமும் நாளும்தான். சனிக்கிழமை கூலி. செவ்வாய்க்கிழமை ஒரு குழு லோன், வியாழக்கிழமை இன்னொரு குழு லோன், தினமும் தண்டல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடகுக் கடை வட்டி. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்மல் அடகுக்குப் போகும். தீபாவளி போனஸில் மீண்டு வரும், பல வருடங்களில் மூழ்கியும் போகும். கூலியின் நாள்காட்டி ஆர்டரைப் பொறுத்து ஆடுகிறது, தவணையின் நாள்காட்டி ஆடுவதே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் தண்டல். பெண்கள் ஊதாரித்தனமாக வாங்கிய கடன் என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். தேடிப் பார்த்தால் மஞ்சள் நீராட்டு விழாச் செலவு ஒன்று இருக்கும். அதைக் கேள்வி கேட்க எங்களுக்கும் தோன்றும், ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளை என்று நாலு பேர் சொல்லக் கூடாது என்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

தண்டலை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கையில் கொடுப்பது 8,500, நோட்டில் எழுதுவது 10,000, நாளுக்கு 100 வீதம் 100 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆயிரத்தைந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. அந்த 100 நாளில் சராசரியாக அவரிடம் இருப்பது சுமார் 4,300 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. ஆண்டுக்கு மாற்றினால் 125 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து வட்டி என்று ஊரே தூற்றும் கந்துவட்டி ஆண்டுக்கு 120 சதவீதம். பார்வைக்குச் சாதுவான தண்டல் அதைவிட மோசம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி இவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? புத்தகக் கணக்குப்படி வட்டி அதிகமானதை. அமெரிக்காவில் டேவ் ராம்ஸி போன்ற ஆலோசகர்கள், சின்னக் கடனை முதலில் முடி, ஒன்று முடிந்த தெம்பில் அடுத்ததைப் பிடி என்று சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். நம் பெண்களின் வரிசை இரண்டும் இல்லை. யார் வாசலில் நின்று சத்தம் போடுவாரோ அவருடையதுதான் முதலில். அடுத்தது யாருடைய தவணை தவறினால் பக்கத்து வீட்டு அக்காவின் கையிலிருந்து கட்ட வேண்டி வருமோ அது. இதை அறியாமை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் ஒரு ஆண் வந்து நிற்பதற்கு ஊர் என்ன அர்த்தம் சொல்லும் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி. இசபெல் கேரின், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் தென்னாற்காட்டுப் பக்கம் பல ஆண்டுகள் களப்பணி செய்து 2023-இல் வெளியிட்ட 'தி இன்டெப்டட் உமன்' என்ற நூல், கடனைச் சமாளிப்பதே பெண்கள் மேல் விழும் தனி உழைப்பு என்று காட்டுகிறது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள்.

இருந்தாலும் ஒன்றை அடித்துச் சொல்வோம்: முடிந்த இடத்தில் தண்டலை முதலில் வெட்ட வேண்டும். சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் கிடைத்தாலோ, இருக்கும் நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்க முடிந்தாலோ, அந்தப் பணத்தால் தண்டலை அடைத்துவிட்டு நாளுக்கு 100 என்பதை நிறுத்துவதுதான் நோட்டிலேயே பெரிய மாற்றம். அது ஒரு ஆள் செய்கிற காரியமாக இல்லை. நாலு பேர் கூடப்போய் நின்றால்தான் தண்டல்காரர் கணக்கை முடித்து எழுதிக் கொடுக்கிறார்.

குழு என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1989-இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியவை மகளிர் குழுக்கள். 1992-இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. அந்தக் குழுவில் பெண்களின் சொந்தச் சேமிப்பு முதலில், கடன் பிறகு. நுண்கடன் நிறுவனங்கள் அதே உருவத்தை எடுத்துக்கொண்டு சேமிப்பை விட்டுவிட்டன. ஐந்து பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அவளைத் துரத்த வேண்டும். ஒற்றுமைக்காகப் பிறந்த வடிவம் வசூலுக்கான கருவியானது. 2010-இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கில் ஷூ கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் தந்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பது பல பெண்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளைத் தோழர்கள் கைபேசியில் வைத்திருங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் விவரத் தாளும் அட்டையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. அதே விதிகள் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டன என்பதையும் சேர்த்தே படியுங்கள். 2025 ஏப்ரலில் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிரான சட்டமுன்வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே மாண்டது நினைவிருக்கும். புகார் கொடுக்க அலைந்து அலைந்து ஓய்ந்தவர்கள் அவர்கள். மனம் தளராமை பற்றி வகுப்பெடுப்பவர்களிடம் நாங்கள் கேட்பது இதைத்தான்: தளர்த்துவது யார் என்று ஏன் கேட்பதில்லை?

பெண்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. மகள் ஊசி பிடிக்கக் கூடாது. அதனால்தான் கல்லூரி ஃபீஸ் வரி நோட்டில் எப்போதும் அடிக்கோடிட்டு இருக்கிறது, சோற்றுச் செலவு வரியில் அடித்தல் திருத்தல் இருக்கிறது. முன்பு பிள்ளையை வைத்துக் கடன் வாங்க வைத்த மாவட்டத்தில் இப்போது பிள்ளைக்காகக் கடன் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தவணை தவறும் மாதத்தில் பன்னிரண்டாவது படிக்கும் பெண் 'நானும் கொஞ்ச நாள் கம்பெனிக்குப் போகட்டுமா அம்மா' என்று கேட்கும்போது இடைவெளி ரொம்பக் குறைந்துவிடுகிறது.

எங்கள் கூட்டங்களில் இப்போது வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக ஒன்றைப் போடச் சொல்கிறோம்: வரவேண்டியது. ஷூ கம்பெனியில் பிடித்த பிஎஃப் கணக்கில் ஏறியதா, வேலையை விட்டபின் எடுத்தாரா. குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் முழுதாக வந்ததா. ஐந்து ஆண்டு வேலை செய்து நின்றவருக்குப் பணிக்கொடை தந்தார்களா. அப்பர் தைத்த ஜோடிக் கணக்கு ஏஜெண்டு நோட்டிலும் இவர் நோட்டிலும் ஒன்றாக இருக்கிறதா. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் குறைத்துக் கொடுத்த கூலியும் இந்தப் பத்தியில் வர வேண்டும். பிள்ளைகளின் தகப்பன் தர வேண்டிய ஜீவனாம்சம், இதுவரை விண்ணப்பிக்காத ஓய்வூதியம் இரண்டும் அடுத்த வரிகள். அட்வான்ஸ் வாங்கி வேலையை விட முடியாமல் யாராவது இருந்தால் அது கடன் பத்தியிலேயே வராது. 1976 சட்டப்படி ஆட்சியருக்கு மனுவாகப் போக வேண்டும். அவர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த மூவர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள்.

மூன்றாவது பத்தியைக் கூட்டிப் பார்க்கும்போது பல நோட்டுகளில் அது கடன் தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, சிலவற்றில் தாண்டியும் போகிறது. அந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட வக்கீல் செலவு தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போகும்போது ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துப் போவது போல அந்தப் பள்ளி நோட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.